உடையப்பன் பேரில் ஒரு கேஸ்

குன்றாண்டார்கோவில்
விக்கிரம வருஷம், ஆவணி 9

என் பூச்சிக்கு,

அக்கா செங்கமலம் எழுதிக்கொண்டது. நீ பட்டணம் போய்ச் சேர்ந்த கார்டு வந்தது. நான் இருக்கிறேன். சோறு எப்படியோ இறங்குகிறது, தூக்கம்தான் வரவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துப் படி.

இங்கே ஒரு கூத்து நடந்திருக்கிறது. உன் மச்சானுக்குச் சம்மன் வந்திருக்கிறது.

கோர்ட்டுச் சேவகன் வாசலில் நின்று அவர்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். "இருக்காரா?" என்றான். இல்லை என்றேன். "எப்ப வருவாரு?" என்றான். உள்ளே போய் அழுதேன். அவன் காகிதத்தைக் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டான்.

கண்டக்டர் அடைக்கலம்தான் வந்து படித்துச் சொன்னான். உன் மச்சான் குடித்துவிட்டு மோட்டார் ஓட்டி, பஸ்ஸைத் தாமரைக் குளத்தில் இறக்கினார்களாம். அதற்குக் கேஸ்.

உனக்கு அன்று நடந்தது பாதிதான் ஞாபகம் இருக்கும். அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் மச்சானுக்குக் கருமாதியன்று படையலில் வைத்த சாராயத்தை மச்சினன்தான் குடிக்க வேண்டும். அது நம் வகையறா வழக்கம். குடித்துவிட்டு அவர்களுடைய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டால், விளக்கு வைக்கிற வரைக்கும் நீதான் அவர்கள். யார் கூப்பிட்டாலும் அந்தப் பேருக்குத்தான் 'என்ன' என்று கேட்க வேண்டும். சண்டை போட்டவர்கள் வந்து உன்னிடம் சமாதானம் சொன்னார்கள். நீயும் எல்லோரையும் மன்னித்தாய். கோழி திருடினவனைக்கூட மன்னித்தாய். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அவர்கள் இருந்த வரைக்கும் பாட்டிலை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தவள் நான். அன்றைக்கு மட்டும் செம்பு தளும்பத் தளும்ப ஊற்றினேன். ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவாய் என்று பார்த்தேன். அதுவரை தொட்டே பார்க்காத நீ, மோர் குடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் குடித்தாய்.

அப்புறம் என் நாத்தனார் அழகி ஆரம்பித்தாள். "ஏலே தம்பி, எங்களையெல்லாம் கடைசியா ஒரு தரம் ஒன் பஸ்ஸுல ஏத்திக்கிட்டுப் போடா" என்று ஒப்பாரி வைத்தாள். முதலாளி சொந்தக்காரர்களைக் கொண்டுவிட அனுப்பியிருந்த பஸ் வாசலிலேயே நின்றது. நீ போய் ஏறி உட்கார்ந்துவிட்டாய். உட்கார்ந்தவன் ஆரன் அடித்தாய் பார், அசல் அவர்கள் அடிக்கிற மாதிரியே. நான் ஒரு நிமிஷம் வாசலுக்கு ஓடிவந்துவிட்டேன்.

குளத்துக்குள் பஸ் நின்ற பிறகு கரையிலிருந்து கான்ஸ்டபிள் சவரிநாதன் "யாருய்யா டிரைவரு?" என்று கத்தியிருக்கிறார். நீ மச்சான் பேரைச் சொன்னாயாம். "அப்பன் பேரு?" என்றதற்கு என் மாமனார் பேரையும் சொன்னாயாம். பஸ்ஸுக்குள் இடுப்பளவு தண்ணீரில் இருந்த அத்தனை பேரும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார்களாம். இன்னும் விளக்கு வைக்கவில்லையே, வேறே என்ன சொல்வார்கள்? கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டார்.

படித்தவன் நீ. இப்போது என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுது. முதலாளி உன் மச்சான் போட்டோவைப் பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே மாலை போட்டு மாட்டியிருக்கிறார். 'இருபது வருஷம், ஒரு கேஸ் கிடையாது' என்று அதன் கீழே எழுதியும் இருக்கிறார். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

செங்கமலம்


மீனம்பாக்கம்
31-8-1940

அன்புள்ள அக்காவுக்கு,

ரெங்கராஜ் அநேக நமஸ்காரம். முதலில் ஒரு விண்ணப்பம். கவர் மேலே 'பூச்சி' என்று எழுதாதே. இங்கே தபாலை வாங்கி வைக்கிற குமாஸ்தா தமிழர். நேற்றிலிருந்து மெஸ்ஸில் என் பேர் பூச்சி. இனிமேல் என் பேரைப் போடு.

அடுத்தது, அந்தச் சம்மனைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்காதே. சண்டைக்கு விமானிகள் வேண்டும் என்று சர்க்கார் தன் செலவில் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. முந்நூறு பேர் கேட்டு வந்து பன்னிரண்டு பேருக்குத்தான் இடம் கிடைத்தது. லைசென்ஸ் கொடுப்பதற்கு முன் ஒவ்வொருவன் ஊர் போலீசிலிருந்தும் இவன் பேரில் கேஸ் உண்டா என்று விசாரித்து வாங்குவார்கள். எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற துரை முதல் நாளே சொல்லிவிட்டார்: "குடித்துவிட்டு மோட்டார் ஓட்டினவனுக்கு நான் என் குடையைக்கூட இரவல் கொடுக்க மாட்டேன். விமானம் கேட்கவே வேண்டாம்." போன வாரம் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் மவுண்ட் ரோட்டில் குடித்துவிட்டுக் காரை விளக்குக் கம்பத்தில் மோதினான். மறுநாள் காலையில் அவன் கட்டில் காலி.

ஆகையால் கடவுளாகப் பார்த்துத்தான் கான்ஸ்டபிளை மச்சான் பேரை எழுத வைத்திருக்கிறார். என் பேரில் கேஸ் இல்லை. உடையப்பன் பேரில் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டுமே! மச்சானுக்கு இனிமேல் லைசென்ஸ் எதற்கு? அவரை ஜெயிலில் போட முடியுமா? கோர்ட்டில் கேட்டால் எல்லோரும் உடையப்பன்தான் ஓட்டினார் என்று சொல்லிவிடுங்கள். நம் வழக்கப்படி அது பொய்யும் இல்லை.

நேற்று விமானத்தை நானே மேலே ஏற்றினேன். துரை பின்னால் உட்கார்ந்திருந்தார். கீழே மாடு, மனிதர், ரயில் எல்லாம் கொலு பொம்மை மாதிரி இருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
ரெங்கராஜ்


குன்றாண்டார்கோவில்
ஆவணி 24

பூச்சிக்கு,

கவர் மேலே உன் பேரைத்தான் போடுகிறேன். உள்ளே எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுவேன்.

மச்சானுக்கு லைசென்ஸ் எதற்கு என்று கேட்டிருந்தாய். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன்.

அவர்கள் குடிப்பார்கள். ஊருக்கே தெரியும். ஆனால் எப்போது குடிப்பார்கள் என்பது உனக்குத் தெரியாதா? கடைசி டிரிப் முடிந்து, பஸ்ஸைக் கொட்டகையில் விட்டு, சாவியை முதலாளி வீட்டு ஆணியில் மாட்டின பிறகுதான். குடித்துவிட்டால் பஸ் நிழலில்கூட நிற்க மாட்டார்கள். "அது கோவிச்சுக்கும்" என்பார்கள். என்னைப் பற்றி அப்படி ஒரு நாள் பயந்ததில்லை. கடைசியில் காய்ச்சலில் படுத்தபோது அதையும் தொடவில்லை. முப்பது வருஷமாகக் குடித்த மனுஷர், குடிக்காமல் செத்துப்போனார்கள். அவர்கள் பேரில் குடிகார டிரைவர் என்று கேஸ். இதை நான் எங்கே போய்ச் சொல்ல?

நேற்று முதலாளி பஸ்ஸிலிருந்து போட்டோவைக் கழற்றிவிட்டார். அடைக்கலம் அதைக் கொண்டுவந்து கொடுத்தான். "கேஸு முடியட்டும் அக்கா, திரும்ப மாட்டிருவோம்" என்றான். அந்த இடத்தில் புது டிரைவர் ஒரு சோப்புக் கம்பெனிக் காலண்டரை மாட்டியிருக்கிறானாம். அதில் ஒரு பெண்பிள்ளை குளித்துக்கொண்டிருக்கிறாளாம். உன் மச்சானின் இருபது வருஷத்துக்குப் பதில் அவள்.

போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? "சின்னப் பய, விடு செங்கமலம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். உன்னை மடியில் உட்கார வைத்து ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக் கொடுத்த மனுஷர் வேறு எப்படிச் சொல்வார்கள்? நம் ஆத்தா போன பிறகு உன்னைப் புள்ளையாகத்தான் வளர்த்தார்கள்.

ஆகையால் நான் கோர்ட்டுக்குப் போகிறேன். நீ சொன்னபடியே சொல்கிறேன். எனக்கும் சம்மன் வந்திருக்கிறது. புரட்டாசி 4ஆம் தேதி. அழகி, அடைக்கலம், இன்னும் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் வருகிறார்கள். எல்லோருக்கும் புதுக்கோட்டை பார்க்க ஆசை.

செங்கமலம்


மீனம்பாக்கம்
14-9-1940

என் தெய்வமான அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். மச்சான் போட்டோவுக்கு என் சார்பில் ஒரு மாலை போடு. லைசென்ஸ் வாங்கி வந்து அவர் காலடியில் வைப்பேன்.

கோர்ட்டில் பயப்படாதே. அதிகம் பேசினால் மாட்டிக்கொள்வாய். படையல், செம்பு, துண்டு ஒன்றும் சொல்லாதே. யார் ஓட்டினது என்று கேட்பார்கள். "உடையப்பன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடு. குழந்தைகூடச் சொல்லிவிடும். அவ்வளவு சுலபம்.

அடைக்கலத்தை மட்டும் பேச விடாதே.

அடுத்த வாரம் நான் தனியாகப் பறக்கப் போகிறேன். துரை இல்லாமல்! அது முடிந்தால் பரீட்சை, அப்புறம் லைசென்ஸ்.

ரெங்கராஜ்


குன்றாண்டார்கோவில்
புரட்டாசி 6

பூச்சி,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு. நடுவில் படாதே.

காலையில் சோறு கட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் போனோம். காலண்டர்காரி இன்னும் குளித்துக்கொண்டுதான் இருக்கிறாள். நான் வெளியே பார்த்துக்கொண்டே போனேன்.

கோர்ட்டில் முதலில் டவாலி வாசலில் வந்து நின்று அவர்கள் பேரைக் கூப்பிட்டான். மூன்று தரம். அந்தப் பெரிய கட்டடத்தில் அந்தப் பேர் போய் மோதித் திரும்பி வந்தது. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் பார்த்தேன்.

யாரும் வரவில்லை. அடைக்கலம் எழுந்து, "அவரு எறந்துட்டாருங்க எசமான்" என்றான். நீ பேச விடாதே என்றாய். அவன் வாயை நான் எங்கே போய்ப் பிடிக்க?

"எப்போது?" என்றார் மாஜிஸ்திரேட். கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரர். புதிதாக வந்திருக்கிறாராம், சிரிக்கவே மாட்டாராம்.

"ஆடி மூணுங்க."

"பஸ் குளத்தில் இறங்கியது?"

"ஆடி பதினெட்டுங்க."

"செத்துப் பதினைந்து நாள் கழித்து வந்து பஸ் ஓட்டினாரா?"

"ஆமாங்க எசமான். நாங்க அத்தனை பேரும் ஏறி உக்காந்திருந்தோமுங்க. நல்லாத்தான் ஓட்டுனாரு. திருப்பத்துலதான் கொஞ்சம்..."

கோர்ட்டில் சிரிப்பு. மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். கான்ஸ்டபிள் சவரிநாதன் கூண்டில் ஏறி, "நான் பாத்த டிரைவருக்கு மீசையே மொளைக்கலை எசமான். பேரு கேட்டேன், சொன்னான். இந்தக் கூட்டமே ஆமாம் போட்டுச்சு. நான் என்ன செய்யட்டும்?" என்றார். பாவம், அவர் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

அதற்கு அடைக்கலம் சும்மா இருந்தானா? "ஒடம்பு அவரு மச்சினன் ரெங்கராஜோடதுங்க. ஓட்டுனது அவருங்க" என்று விளக்கம் சொன்னான். உன் பேரை அங்கே கொண்டுவந்து வைத்தவன் அவன்தான், நான் இல்லை. இதை முதலில் ஞாபகம் வைத்துக்கொள்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போதும். அந்த அம்மா வரட்டும்" என்றார்.

நான் ஏறினேன். காமாட்சியம்மனை நினைத்துக்கொண்டு, நீ எழுதின ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் ஏறினேன்.

"பஸ்ஸை ஓட்டியது யார்?" என்றார்.

"எங்க வீட்டுக்காரருங்க" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. அழகி பின்னாலிருந்து "அப்படிச் சொல்லு" என்றாள்.

எழுதுகிற குமாஸ்தா பேனாவை நிறுத்திவிட்டார். "வீட்டுக்காரர்னு எழுத முடியாதும்மா. பேரைச் சொல்லு."

பூச்சி, அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேர் என் வாயில் வந்ததில்லை. குழந்தைகூடச் சொல்லிவிடும் என்று எழுதினாயே, குழந்தை சொல்லும். பெண்டாட்டி எப்படிச் சொல்லுவாள்? படித்த உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"சாமி பேருங்க" என்றேன்.

"எந்தச் சாமி?"

"எங்க மாமனாரோட அப்பா பேருங்க."

"அவர் பேர் என்ன?"

"அதையும் சொல்லக் கூடாதுங்க, அதுவும் இதே பேருதானுங்க."

அழகி எழுந்து, "நான் சொல்றேன் எசமான், எந் தம்பி பேரு..." என்று ஆரம்பித்தாள். "யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது" என்று அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ ஜாடை காட்டினாள். எனக்குப் பேர் தெரியாதது மாதிரி!

மாஜிஸ்திரேட் குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார். "அம்மா, இங்கே இரண்டு பேருடைய பேர் அடிபடுகிறது. ஒன்று உன் புருஷன் பேர். இன்னொன்று உன் தம்பி பேர். தலையாட்டினால் செல்லாது. ஓட்டினது யாரோ அவர் பேரை வாயைத் திறந்து சொல்."

இரண்டு பெயர்களும் நாக்கில் வந்து நின்றன. ஒன்றுக்குத்தான் வெளியே வர வழி இருந்தது.

"ரெங்கராஜுங்க" என்றேன்.

வழக்கம் வாயைக் கட்டியதா, இல்லை மனசே போட்டோவின் பக்கம் சாய்ந்ததா என்று என்னைக் கேட்காதே. எனக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு கூண்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர்கள் பேரில் இருந்த கேஸைத் தள்ளிவிட்டார்கள். உன் பேரில் புதுசாகப் போடுகிறார்கள்.

இப்போது கோபப்படு.

அக்கா


மீனம்பாக்கம்
27-9-1940

ஸ்ரீமதி செங்கமலம் அம்மாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நேற்று நான் தனியாகப் பறந்தேன் என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்ளும்படி எழுதுகிறேன். அதுவே கடைசியாகவும் இருக்கலாம்.

ஒரு வார்த்தைதான் கேட்டேன்.

இப்படிக்கு,
எஸ். ரெங்கராஜ்


குன்றாண்டார்கோவில்
ஐப்பசி 14

பூச்சிக்கு,

மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. நேற்று அடைக்கலம் சொல்லித்தான் தெரிந்தது, நீ கேஸுக்காகப் புதுக்கோட்டை வந்து போனாயாம். ஓட்டலில் சாப்பிட்டாயாம். பஸ் ஸ்டாண்டில் நம் ஊர்ப் பஸ் நின்றபோது தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாயாம். "பாத்தும் பாக்காத மாதிரி வந்துட்டேன் அக்கா, பாவமா இருந்துச்சு" என்றான்.

ஓட்டலில் என்ன சாப்பிட்டாய்? இங்கே உனக்கென்று வைத்திருந்த கருவாடு அப்படியே இருக்கிறது. தாங்கள், தங்கள் என்று நீ எழுதினதை யாருக்கும் காட்டவில்லை. என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா


மீனம்பாக்கம்
12-11-1940

அக்கா,

தூணுக்குப் பின்னால் ஒளிந்தது உண்மை. பஸ்ஸின் ஆரன் சத்தம் கேட்டதும் ஓடிவந்து ஏறிவிடுவேனோ என்று பயந்துதான் ஒளிந்தேன்.

கோர்ட்டில் நான் ஒப்புக்கொண்டேன். மாஜிஸ்திரேட் என்னை எச்சரித்து விட்டுவிட்டார். "இனிமேல் செத்தவர்களுக்குப் பதிலாகக் குடித்தால், நடந்தே வீட்டுக்குப் போ" என்றார். சிரிக்காமல் சொன்னார். இருந்தாலும் கேஸ் கேஸ்தான். போலீஸ் எழுதி அனுப்பும் முன் நானே போய்த் துரையிடம் சொல்லிவிட்டேன். படுக்கையைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் போனேன்.

படையல், செம்பு, துண்டு, குளம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கருமாதிக்கு வார்த்தை இல்லை. துரை பைப்பை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ ஓட்டினதை உன் மச்சான் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்?"

"கன்னத்தில் அறைந்து, சாவியைப் பிடுங்கி ஆணியில் மாட்டியிருப்பார்" என்றேன்.

"அப்படியானால் அதையேதான் நானும் செய்கிறேன்" என்றார். அறையவில்லை. ஆறு மாதம் மேலே ஏறக் கூடாது. கொட்டகையில் என்ஜின் துடைக்க வேண்டும். அதுவரை ஒரு சொட்டுத் தொடவில்லை என்றால் பரீட்சை எழுதலாம். லைசென்ஸ் போய்விடவில்லை அக்கா. தள்ளிப் போயிருக்கிறது. இன்னும் ஆணியில்தான் இருக்கிறது.

நான் துடைக்கிற என்ஜின் வாசனை மச்சான் சட்டை வாசனை மாதிரியே இருக்கிறது. போட்டோ என்ன ஆயிற்று?

கருவாட்டைப் பார்சலில் அனுப்பாதே. குமாஸ்தா ஏற்கெனவே என்னைப் பூச்சி என்கிறார்.

உன்
பூச்சி


குன்றாண்டார்கோவில்
கார்த்திகை 4

என் பூச்சிக்கு,

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். நீயே பூச்சி என்று கையெழுத்துப் போட்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தேன். ஆடிக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறேன். கருவாட்டை நேற்றே பார்சலில் போட்டுவிட்டேன். குமாஸ்தாவுக்கும் இரண்டு கொடு, வாயை மூடுவார்.

போட்டோ திரும்பப் பஸ்ஸுக்குப் போய்விட்டது. முதலாளியே வந்து வாங்கிக்கொண்டு போனார். காலண்டர்காரியைப் புது டிரைவர் கழற்ற மாட்டேன் என்கிறான், அதனால் அவளைக் கொஞ்சம் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். இவர்கள் இந்தப் பக்கம் பார்க்கிறார்கள், அவள் அந்தப் பக்கம் குளிக்கிறாள். நான் பஸ்ஸில் ஏறினால் நடுவில் உட்கார்ந்துகொள்கிறேன்.

நல்ல துரை. அவர் பெண்சாதி பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். ஆறு மாதம் ஓடிவிடும். என்ஜினை நன்றாகத் துடை. நீ லைசென்ஸ் வாங்கினால் நம் ஊர் மேலே ஒரு தரம் பறந்து வா. குளத்துப் பக்கம் மட்டும் போகாதே.

மனசில் ஒன்று இருக்கிறது. யாரிடமும் கேட்க முடியவில்லை, அழகியிடம் கேட்டால் ஊருக்கே சொல்லிவிடுவாள். அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

அவர்களுக்குக் காய்ச்சல் முற்றின அன்று, பக்கத்திலேதான் உட்கார்ந்திருந்தேன். கண் சொருகியது. ஆளாளுக்குப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அழகி கூப்பிட்டாள், அடைக்கலம் அண்ணே அண்ணே என்றான். நான் மட்டும் எப்போதும் போல "இந்தாங்க, இங்கிட்டுப் பாருங்க" என்றுதான் சொன்னேன். அது யாரை வேண்டுமானாலும் கூப்பிடுகிற கூப்பாடு. அவர்களுக்கென்று ஒரு பேர் இருந்தது, அதை நான் தொடவே இல்லை.

கோர்ட்டில் டவாலி மூன்று தரம் கூப்பிட்டான். அவன் யாரோ, எவனோ. அவன் கூப்பிட்டு அவர்கள் எதற்கு வரப்போகிறார்கள்?

அன்றைக்கு நான் வாயைத் திறந்து, அந்தப் பேரைச் சொல்லி ஒரே ஒரு தரம் கூப்பிட்டிருந்தால், திரும்பிப் பார்த்திருப்பார்களா பூச்சி?